ஒரே திரையில் முழு நிறுவனம்: ஊழியருக்குக் கைகொடுக்குமா, கைவிடுமா?

சிங்கப்பூரில் "ஈஆர்பி" என்று சொன்னால் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது மின்னியல் சாலைக் கட்டணம்தான். 1998ஆம் ஆண்டு முதல் வாகனமோட்டிகளின் பணத்தைக் கழித்துவரும் ஏற்பாடு அது. ஆனால் அலுவலகம், தொழிற்சாலை, கிடங்கு ஆகிய இடங்களில் வேலை செய்வோருக்கு இன்னோர் ஈஆர்பியும் தெரியும். அது சாலையில் இல்லை. மேசைமீது இருக்கும் கணினிக்குள் இருக்கிறது. காலையில் கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே நுழைவதிலிருந்து மாதக் கடைசியில் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுவது வரை, அதன் கை படாத வேலை குறைவு.

தமிழில் இதை "நிறுவன வளத் திட்டமிடல்" என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு நிறுவனத்தின் விற்பனை, கொள்முதல், இருப்பு, உற்பத்தி, கணக்கு, சம்பளம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்து நடத்தும் மென்பொருள் அது. கோடிக்கணக்கில் செலவு செய்து இதை வாங்கிய நிறுவனங்களில் சில நிமிர்ந்தன, சில தடுமாறின. இரண்டுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவர்கள் அதை நாள்தோறும் பயன்படுத்தும் ஊழியர்கள். அவர்கள் பக்கத்திலிருந்தும் இந்த விஷயத்தைப் பார்ப்பது அவசியம்.

ஓர் ஆர்டரின் பயணம்

மசாலாத் தூள் தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு நடுத்தர நிறுவனத்தை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்ளலாம். பேரங்காடி ஒன்றிலிருந்து தொலைபேசி வருகிறது. "வெள்ளிக்கிழமைக்குள் 300 பெட்டி மீன் கறித் தூள் வேண்டும்."

பழைய முறையில் என்ன நடக்கும்? விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஆர்டர் புத்தகத்தில் 300 என்று எழுதுவார். கிடங்குக்குத் தகவல் சொல்வார். கிடங்கில் இருப்பவர் தம்முடைய இருப்பு அட்டையைப் பார்த்து, "200 பெட்டிதான் இருக்கிறது" என்பார். உற்பத்தி மேற்பார்வையாளர் மீதி 100 பெட்டிக்குத் தம் நோட்டில் குறித்துக்கொள்வார். மிளகாயும் மல்லியும் போதாதென்றால் கொள்முதல் பிரிவு வேறொரு தாளில் எழுதும். சரக்கு போன பிறகு, கணக்குப் பிரிவில் ஒருவர் எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்து இன்வாய்ஸ் தயாரிப்பார். ஒரே ஆர்டரை ஐந்து பேர் ஐந்து இடத்தில் எழுதுகிறார்கள். அதில் ஒருவருடைய 3 மற்றவர் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தால் போதும், வாடிக்கையாளருடன் சண்டை தொடங்கிவிடும்.

ஈஆர்பியில் அந்த ஆர்டர் ஒரே முறைதான் பதிவாகிறது. பதிவு செய்த உடனேயே கிடங்கில் 200 பெட்டி அந்த வாடிக்கையாளருக்கென்று ஒதுக்கப்படுகிறது. மீதி 100 பெட்டிக்கான வேலை உற்பத்திப் பட்டியலில் சேர்கிறது. அதற்கு எத்தனை கிலோ மிளகாய் வேண்டும், கையில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு வாங்க வேண்டும் என்பதை மென்பொருளே கணக்கிட்டுச் சொல்கிறது. சரக்கு வெளியேறியதும் இருப்பு குறைகிறது, இன்வாய்ஸ் தயாராகிறது, வரவேண்டிய பாக்கி கணக்கில் ஏறுகிறது. முதலாளி தம் அறையில் உட்கார்ந்தபடியே இவை அனைத்தையும் ஒரே திரையில் பார்க்கலாம்.

இதுதான் இதன் பலம். இதன் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. முதலில் பதிவு செய்பவர் 300க்குப் பதில் 3,000 என்று தட்டிவிட்டால், அந்தத் தவறு ஒரே நொடியில் கிடங்கு, உற்பத்தி, கொள்முதல் என்று எல்லா இடத்திற்கும் போய்விடும். நோட்டில் செய்த தவறு நோட்டிலேயே கிடக்கும். ஈஆர்பியில் செய்த தவறு நடந்து போகும்.

நூல் ஆலையில் பிறந்த யோசனை

இந்த மென்பொருள் திடீரென்று வந்ததல்ல. 1960களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில், எந்த மூலப்பொருள் எப்போது எவ்வளவு தேவை என்று கணினியைக் கொண்டு கணக்கிடும் முறை உருவானது. 1964இல் அதற்கு வடிவம் கொடுத்தவராக ஜோசப் ஆர்லிக்கி குறிப்பிடப்படுகிறார். 1980களில் ஆட்கள், இயந்திரங்கள், பணம் ஆகியவையும் அந்தக் கணக்கில் சேர்ந்தன.

இன்னொரு பக்கம், 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம் நிறுவனத்திலிருந்து வெளியேறிய ஐந்து பொறியாளர்கள் எஸ்ஏபி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளர், ஆஸ்ட்ரிங்கன் என்ற ஊரில் நைலான் நூல் தயாரித்த ஐசிஐ ஆலை. அந்தக் காலத்தில் கணினி என்றால், பகலெல்லாம் சேர்ந்த தாள்களை இரவில் மொத்தமாக உள்ளே போட்டு மறுநாள் விடை பார்ப்பதுதான். பதிவு செய்த உடனேயே கணக்கு மாற வேண்டும் என்பது அந்தப் பொறியாளர்களின் யோசனை. 1992இல் அவர்கள் வெளியிட்ட "ஆர் 3" என்ற மென்பொருள் உலகெங்கும் பரவியது.

"ஈஆர்பி" என்ற பெயரை 1990இல் சூட்டியது கார்ட்னர் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம். 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது பழைய கணினிகள் தேதியைத் தவறாகப் படிக்கும் என்ற அச்சம் எழுந்தபோது, பழையதைப் பழுதுபார்ப்பதைவிடப் புதியதையே வாங்கிவிடலாம் என்று பல நிறுவனங்கள் முடிவெடுத்தன. அதனால் 1990களின் பிற்பகுதியில் இதற்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. இன்று எஸ்ஏபி, ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் முதலியவை இந்தத் துறையில் முன்னணியில் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராம்கோ சிஸ்டம்ஸ் நிறுவனமும் 1990களிலிருந்தே இந்தத் துறையில் இருந்து வருகிறது.

நிறுவனத்திற்கு என்ன ஆதாயம்?

ஓர் எளிய சோதனையை நினைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1ஆம் தேதி 7 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடானது. சரியாக ஓராண்டு கழித்து, 2024 ஜனவரி 1ஆம் தேதி 9 விழுக்காடானது. விற்பனைக்கு ஒரு மென்பொருள், கணக்குக்கு வேறொன்று, கிளைகளில் தனித்தனி எக்செல் தாள்கள் என்று வைத்திருக்கும் நிறுவனம், ஒவ்வோர் இடமாகப் போய் அந்த எண்ணை மாற்ற வேண்டும். ஓர் இடத்தை மறந்தாலும் வரிக் கணக்கு தவறிவிடும். எல்லாம் ஒன்றாக இணைந்த முறையிலோ விகிதத்தை மாற்ற வேண்டிய இடம் ஒன்று. எந்தத் தேதி முதல் நடப்புக்கு வரும் என்பதையும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம்.

இரண்டாவது ஆதாயம் கட்டுப்பாடு. பொருளை வாங்க ஆணை கொடுப்பவர் ஒருவர். பொருள் வந்து சேர்ந்ததை உறுதி செய்பவர் இன்னொருவர். பணம் கொடுக்க ஒப்புதல் தருபவர் மூன்றாமவர். மூன்று பதிவும் ஒத்துப்போனால்தான் காசோலை வெளியே போகும். ஒருவரே எல்லாவற்றையும் செய்து பணத்தைச் சுருட்டும் வழி அடைபடுகிறது. யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பதும் பதிவாகி நிற்கிறது.

மூன்றாவது, மாதக் கணக்கு முடிக்கும் வேலை. ஒவ்வொரு பிரிவும் தன் எண்ணைக் கொண்டுவந்து, "என் கணக்குதான் சரி" என்று வாதாடும் கூட்டங்கள் குறைகின்றன. எல்லாரும் ஒரே எண்ணைப் பார்ப்பதால், எண் எது என்ற சண்டை போய், அந்த எண்ணை வைத்து என்ன செய்வது என்ற பேச்சு தொடங்குகிறது.

ஊழியரின் நாற்காலியிலிருந்து பார்த்தால்

இதே மாற்றம் கிடங்கில் 20 ஆண்டுகளாக வேலை பார்த்த ஒருவருக்கு வேறு மாதிரி தெரியும். எந்தப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். அவசரமாக ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றால், முதலில் சரக்கைக் கொடுத்துவிட்டுப் பிறகு எழுதிக்கொள்வார். இப்போது கணினியில் ஆணை இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட நகர்த்த முடியாது. அவருடைய அனுபவத்திற்கு இருந்த மதிப்பு குறைந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. அந்த உணர்வைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது.

இரண்டாவது, வேலை இடம் மாறுகிறது. முன்பு கணக்குப் பிரிவு செய்த தட்டச்சு வேலை இப்போது கிடங்கு ஊழியரிடமும் விற்பனையாளரிடமும் வந்து சேர்கிறது. ஆதாயத்தை அனுபவிப்பவர் மாடியில் இருக்கும் மேலாளர். கூடுதல் கட்டங்களை நிரப்புபவர் கீழே இருக்கும் ஊழியர். இந்த ஏற்றத்தாழ்வை நிர்வாகம் வெளிப்படையாகப் பேசாவிட்டால் முணுமுணுப்பு எழவே செய்யும்.

மூன்றாவது, எல்லாமே கண்ணுக்குத் தெரிகிறது. ஒருவர் எத்தனை பதிவு செய்தார், எத்தனை தவறு விட்டார் என்பதை மேலதிகாரி உடனே பார்க்கலாம். சிலருக்கு இது பாதுகாப்பு. தாங்கள் செய்த வேலைக்குச் சான்று இருக்கிறது. சிலருக்கு இது எப்போதும் யாரோ தோளுக்குப் பின்னால் நிற்பது போன்ற நெருக்கடி.

புதிய கணினி முறையை மனிதர்கள் எப்போது ஏற்றுக்கொள்கிறார்கள்? அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இரண்டு அளவுகோல்களை முன்வைத்தது. ஒன்று, "இது என் வேலைக்கு உதவுகிறது" என்ற எண்ணம். மற்றொன்று, "இதைப் பயன்படுத்துவது எளிது" என்ற எண்ணம். இவற்றில் உதவுகிறது என்ற எண்ணத்திற்கே வலிமை அதிகம் என்று அவர் கண்டார். ஒரு முறை சற்றுக் கடினமாக இருந்தாலும் தமக்குப் பயன் இருந்தால் மக்கள் பழகிக்கொள்வார்கள். பயனே தெரியாவிட்டால், எவ்வளவு அழகான திரையாக இருந்தாலும் ஒதுங்கிப் போவார்கள்.

ஒதுங்குவது சத்தமில்லாமல் நடக்கும். கணினியில் பேருக்கு ஓர் எண்ணைத் தட்டிவிட்டு, உண்மைக் கணக்கைத் தம் சொந்த எக்செல் தாளிலோ மேசை இழுப்பறையில் இருக்கும் நோட்டிலோ ஊழியர்கள் வைத்துக்கொள்வார்கள். வேலை இரட்டிப்பாகிறது. மேலே இருப்பவர்களோ, திரையில் தெரிவதுதான் உண்மை என்று நம்பி முடிவெடுக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது திரையில் தெரியும் இருப்புக்கும் பொருந்தும்.

சாக்லெட் இருந்தும் கடைக்குப் போகவில்லை

இதற்கு வணிக உலகம் மறக்காத உதாரணம் அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம். 112 மில்லியன் அமெரிக்க டாலர் செலவில் புதிய முறையைக் கொண்டுவர அது முடிவு செய்தது. நான்கு ஆண்டுகள் பிடிக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டுகளில் முடிக்கத் திட்டமிட்டது. எஸ்ஏபியின் மென்பொருளோடு வேறு இரண்டு நிறுவனங்களின் மென்பொருளும் ஒரே நேரத்தில் புகுத்தப்பட்டன. முறை நடப்புக்கு வந்தது 1999 ஜூலையில். ஹாலோவீன், கிறிஸ்துமஸ் பண்டிகைகளுக்கான சாக்லெட் ஆர்டர்கள் வந்து குவியும் நேரம் அது.

அந்த ஆண்டு 100 மில்லியன் டாலருக்கும் அதிகமான ஆர்டர்களை நிறுவனத்தால் உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. மூன்றாம் காலாண்டு லாபம் 19 விழுக்காடு சரிந்தது. சாக்லெட் இல்லாமல் அல்ல. கிடங்குகளில் சாக்லெட் இருந்தது. பண்டிகைக் காலத்தில் உபரிச் சரக்கைத் தற்காலிக இடங்களில் அடுக்கி வைப்பது அங்கே வழக்கம். எங்கே இருக்கிறது என்பது ஊழியர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இடங்கள் சேமிப்பு இடங்களாகப் புதிய கணினியில் பதிவாகவில்லை என்று பின்னாளில் இது பற்றி எழுதியவர்கள் விளக்கினார்கள். கணினிக்குத் தெரியாத சரக்கு, இல்லாத சரக்குக்குச் சமம்.

இதே ஹெர்ஷி 2002இல் மென்பொருளின் அடுத்த பதிப்புக்கு மாறியது. இந்த முறை பொறுமையாகச் சோதித்துப் பார்த்து, திட்டமிட்ட செலவுக்குள்ளேயே வேலையை முடித்தது. ஆக, தோற்றது மென்பொருள் மட்டும் அல்ல, அவசரமும்தான்.

சம்பளம் வராத தாதியர்

சாக்லெட் தாமதமானால் லாபம் குறையும். சம்பளம் தாமதமானால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலச் சுகாதாரத் துறையில் 2010 மார்ச் மாதம் புதிய சம்பள முறை நடப்புக்கு வந்தது. மருத்துவர்கள், தாதியர், துப்புரவாளர்கள் என்று ஏறத்தாழ 80,000 பேர் வேலை பார்க்கும் துறை அது. மாறி மாறி வரும் வேலை நேரம், இரவுப் படி, வார இறுதிப் படி, பல்வேறு தொழிலாளர் ஒப்பந்தங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தைக் கணக்கிட 24,000க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தன.

முறை தொடங்கிய முதல் சம்பள நாளிலேயே குழப்பம் வெடித்தது. சிலருக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு அறவே வரவில்லை. வேறு சிலருக்கு அதிகமாகப் போனது. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்கவேண்டிய சங்கடம் பல ஆண்டுகள் நீடித்தது. வேலையைக் குறைக்க வந்த முறையை ஓட்டுவதற்கே ஆயிரத்துக்கும் அதிகமான சம்பளப் பிரிவு ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். மாநில அரசாங்கத்திற்கு இதனால் ஆகும் மொத்தச் செலவு 1.2 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர் என்று 2012இல் மதிப்பிடப்பட்டது.

2013இல் விசாரணை ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. குத்தகை அவசரமாகக் கொடுக்கப்பட்டது, தேவைகள் முதலிலேயே தெளிவாக வரையறுக்கப்படவில்லை, சோதனையில் குறைகள் தெரிந்தும் வேலை முன்னே தள்ளப்பட்டது என்பன அதில் வெளிவந்தன. பழைய முறையையும் புதிய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, எல்லா ஊழியர்களின் சம்பளமும் ஒத்துப்போகிறதா என்று முழுமையாகப் பார்க்கவில்லை. பழைய முறை எந்த நேரத்திலும் நின்றுவிடலாம் என்ற பயம் எல்லாரையும் விரட்டியது. ஆழம் தெரியாமல் காலை விட்டதன் பலனை அனுபவித்தவர்கள், முடிவெடுத்தவர்கள் அல்லர். நள்ளிரவுப் பணி முடித்து வீட்டுக்குப் போன தாதியர்.

நிறுவனம் மாறுவதா, மென்பொருள் மாறுவதா?

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பழக்கம் உண்டு. மென்பொருளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. இரண்டும் மோதும்போது யார் விட்டுக்கொடுப்பது? 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் பேராசிரியர் தாமஸ் டேவன்போர்ட் இதைப் பற்றி எழுதினார். நிறுவன மென்பொருள் தனக்கென்று ஒரு தர்க்கத்தைக் கொண்டு வருகிறது. அதை நிறுவனத்தின் வியூகத்தின்மீதும் அமைப்பின்மீதும் பண்பாட்டின்மீதும் திணிக்கிறது என்பது அவர் கருத்து.

ஜெர்மனியின் லிடில் பேரங்காடி நிறுவனம் இந்த மோதலுக்கு நல்ல சான்று. இருப்பில் உள்ள பொருளை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அதன் வழக்கம். எஸ்ஏபியின் மென்பொருளோ விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்டது. தன் வழக்கத்தை விட மனமில்லாத லிடில், மென்பொருளை வளைக்கத் தொடங்கியது. ஓர் இடத்தை வளைத்தால் இன்னோர் இடம் நெளிந்தது. 2011இல் தொடங்கிய திட்டம், ஏறத்தாழ 500 மில்லியன் யூரோ செலவான பிறகு 2018இல் கைவிடப்பட்டது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹம் நகர மன்றம் 2022 ஏப்ரலில் ஆரக்கிள் முறைக்கு மாறியபோதும் இதே கதை நடந்தது. சுமார் 20 மில்லியன் பவுண்டில் முடியும் என்று எண்ணிய செலவு 100 மில்லியனைத் தாண்டியது. வங்கிக்கு வந்த பணத்தை உரிய கணக்கில் சேர்க்கும் வேலையே சரியாக நடக்காமல், ஊழியர்கள் கையால் பிரித்துச் சேர்க்க நேர்ந்தது. 2023 செப்டம்பரில் மன்றம் தன் வரவுக்குள் செலவு செய்ய இயலாது என்று அறிவித்தது. அதற்கு முக்கியக் காரணம் சம ஊதிய வழக்குகளின் பெருந்தொகை என்றாலும், இந்தக் கணினிச் செலவும் சுமையைக் கூட்டியது.

அதற்காக மென்பொருள் சொல்வதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்பதில்லை. இன்வாய்ஸ் போடுவது, விடுப்பு விண்ணப்பிப்பது போன்ற பொதுவான வேலைகளில் நிறுவனம் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்வது நல்லது. வாடிக்கையாளர் தன்னைத் தேடிவரக் காரணமான தனித்திறமை எதுவோ, அதை மட்டும் விடக்கூடாது. எது வெறும் பழக்கம், எது உண்மையான திறமை என்று பிரித்தறிவதுதான் முதலாளியின் வேலை.

கணினி சொன்னால் முடிந்ததா?

இன்னொரு பாடம் எல்லாவற்றையும்விடக் கனமானது. பிரிட்டிஷ் அஞ்சல் நிலையங்களில் 1999 முதல் ஹொரைஸன் என்ற கணக்கு முறை பயன்படுத்தப்பட்டது. இது முழுமையான ஈஆர்பி அல்ல. கிளைகளின் வரவுசெலவைத் தலைமையகத்துடன் இணைத்த முறை. சிறு அஞ்சல் நிலையங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாகக் கணினி காட்டியது. "நான் எடுக்கவில்லை" என்று அவர்கள் சொன்னதை யாரும் நம்பவில்லை. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். வீட்டையும் மானத்தையும் இழந்தவர்கள் பலர். இந்திய வம்சாவளியினரும் அவர்களில் இருந்தார்கள்.

மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019இல் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அந்தத் தண்டனைகளை ரத்து செய்தது. கணினி காட்டும் எண்ணுக்கும் ஊழியர் சொல்லும் சொல்லுக்கும் இடையே முரண் வந்தால், இரண்டையும் விசாரிப்பதே நியாயம். எண்ணை மட்டும் நம்பும் நிர்வாகம் ஒருநாள் நிரபராதியின் கையில் விலங்கு மாட்டிவிடும்.

சிறு நிறுவனங்களின் வாசலிலும்

இவை பெரிய இடத்து விவகாரங்கள் என்று சிறு வணிகர்கள் நினைக்க வேண்டாம். முன்பு ஈஆர்பி என்றால் சொந்தமாகக் கணினி அறை வேண்டும். இப்போது மாதச் சந்தா கட்டி இணையம் வழியாகவே பயன்படுத்தலாம். சிங்கப்பூரில் 2018இல் அறிமுகமான உற்பத்தித்திறன் தீர்வு மானியம், தகுதிபெறும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் இத்தகைய மென்பொருள் வாங்கும் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறது.

சட்டமும் அந்தத் திசையிலேயே நகர்கிறது. சிங்கப்பூரில் தாமாக முன்வந்து பொருள், சேவை வரிக்குப் பதிவு செய்யும் நிறுவனங்களில், புதிதாக அமைக்கப்பட்டவை 2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் தங்கள் இன்வாய்ஸ் விவரங்களை "இன்வாய்ஸ்நவ்" கட்டமைப்பு வழியாக வரி ஆணையத்திற்கு அனுப்ப வேண்டும். 2026 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அவ்வாறு புதிதாகப் பதிவு செய்யும் அனைவருக்கும் இது பொருந்தும். மலேசியாவில் ஆண்டு வருவாய் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி முதல் மின் இன்வாய்ஸ் கட்டாயமானது. அதன்பின் படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. கையால் எழுதும் பில் புத்தகத்தின் காலம் மெல்ல முடிகிறது.

கேட்கவேண்டிய கேள்விகள்

மென்பொருள் வாங்கப் போகும் முதலாளி, விலையைக் கேட்கும் முன் சிலவற்றைக் கேட்க வேண்டும். எந்தப் பிரச்சினையைத் தீர்க்க இதை வாங்குகிறோம்? தினமும் பயன்படுத்தப் போகும் கிடங்கு ஊழியரும் கணக்கரும் தேர்வுக் கூட்டத்தில் இருக்கிறார்களா? பழைய கணக்கில் இருக்கும் குப்பையைச் சுத்தம் செய்யாமல் புதிய கணினியில் ஏற்றப் போகிறோமா? பண்டிகைக்கும் ஆண்டு இறுதிக் கணக்குக்கும் நடுவில் மாறப் போகிறோமா? பழையதையும் புதியதையும் சில வாரங்கள் சேர்த்து ஓட்டிப் பார்க்க நேரம் ஒதுக்கியிருக்கிறோமா? பயிற்சிக்குப் பணம் வைத்திருக்கிறோமா, அல்லது மீதமிருந்தால் பார்க்கலாம் என்று விட்டுவிட்டோமா?

ஊழியருக்கும் சில கடமைகள் உண்டு. எந்தக் கட்டத்தில் எதைத் தட்டுவது என்பதோடு நிற்காமல், தாம் தட்டும் எண் அடுத்து யாரிடம் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அது தெரிந்தவர் தவறு விடுவது குறையும். வேலைச் சந்தையில் அவருக்கு மதிப்பும் கூடும். கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்காரருக்குக் கொடுக்கக்கூடாது. அவர் செய்யும் தவறும் கணினியில் கொடுத்தவர் பெயரில்தான் பதிவாகும். கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தால், வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் தேதியுடன் எழுதித் தெரிவிக்க வேண்டும். பிரச்சினை வந்தால் அந்தத் தாள்தான் துணைக்கு வரும்.

வயதில் மூத்த ஊழியர்களுக்குக் கூடுதல் அவகாசமும், தாய்மொழியில் விளக்கிச் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். அவர்கள் தலையில் இருக்கும் அனுபவத்தைக் கேட்டு எழுதி வாங்குவது நிறுவனத்துக்குத்தான் லாபம். ஹெர்ஷியில் கணினிக்குத் தெரியாத சாக்லெட் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்பது கிடங்கு ஊழியருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எந்த மென்பொருளிலும் அதைவிடக் குறைந்த செலவுள்ள வழி கிடையாது.